என்னிடம் மட்டும் கேட்காத கேள்வி

அன்னூர் பக்கம் மாடு வைத்திருக்கும் யாரிடமாவது போய் ரவிக்குமார் என்று கேட்டால் தெரியாது என்பார்கள். ஊசிக்காரர் என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கொண்டுவந்து எங்கள் வாசலில் விட்டுவிடுவார்கள். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர். பைக்கின் பின்னால் ஒரு கேன் கட்டியிருக்கும். மூடியைத் திறந்தால் நைட்ரஜன் வெள்ளையாகப் புகையும். அந்தக் குளிருக்குள் குச்சி குச்சியாகக் காளை விந்து. மாடு கத்துகிறது என்று போன் வந்தால் அன்றைக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் பருவம் தப்பிவிடும். இருபத்தெட்டு வருடமாக இதே வேலை. தன் கைபட்டுப் பிறந்த கன்றுகளை வரிசையாக நிறுத்தினால் அன்னூரிலிருந்து அவிநாசி வரைக்கும் நிற்கும் என்று சொல்லிக்கொள்வார். கொஞ்சம் அதிகம்தான். கருவலூர் வரைக்கும் நிற்கலாம்.

அவர் என் வீட்டுக்காரர். எங்களுக்குக் குழந்தை இல்லை.

இந்த இரண்டையும் சேர்த்து வைத்துச் சிரிக்காத தோட்டம் இந்தப் பக்கம் கிடையாது. "ஊருக்கெல்லாம் கன்னு குடுக்கறீங்க, உங்க ஊட்டுக்கு ஒண்ணு குடுத்துக்கக் கூடாதுங்களா?" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் கூடப் போயிருந்தால், வாயில் நல்ல வார்த்தை வராது என்பதால் பால் கேன் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன்.

குழந்தை இல்லை என்றால் வரவே இல்லை என்று அர்த்தமில்லை. முதலாவது ஏழாம் மாசத்தில் போனது. இரண்டாவது பெண், இரண்டு நாள் இருந்தாள். எனக்கு ரத்தப்போக்கு நிற்காமல், கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தேன். மூன்றாவது என்று ஒன்று வந்தால் தாயைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போய்ச் சொல்லியிருக்கிறார். அப்போது என்னிடம் யாரும் சொல்லவில்லை. இது 2005. எனக்கு வயது இருபத்துநாலு.

அதற்கு இரண்டு மாதம் கழித்து, நைட்ரஜன் பிடிக்கப் போகிறேன் என்று காலையில் கிளம்பிப் போன மனிதர், சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு வாரம் கேனைத் தூக்கவில்லை. கேட்டால் முதுகுப் பிடிப்பு என்றார். நான் தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். பிறகு ஒரு நாள் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, "நான் ஆபரேசன் பண்ணிட்டு வந்துபோட்டேன் செவ்வந்தி. இனிமே நீ பயப்படாம இரு. எனக்கு நீ போதும்" என்றார்.

என் அம்மா அழுதாள், சந்தோஷத்தில். "பொம்பளையத்தான் அறுக்கறதுக்கு அனுப்புவாங்க. இப்பிடி ஒரு புருசன் ஆருக்குக் கிடைப்பான்?" என்றாள். அக்காவும் அதையே சொன்னாள். உண்மைதான், எத்தனை பேர் செய்வார்கள்? ஆனால் எனக்குள் ஒரு கோபம் வந்து உட்கார்ந்தது. அதற்கு ஒரு பெயர் வைக்கக்கூட எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு பெரிய காரியத்தை எனக்காகச் செய்த மனிதரிடம் என்னவென்று சண்டை போடுவது? என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று சொன்னால், நன்றி கெட்டவள் என்பார்கள். சொல்லாமலே இருபது வருடம் ஓடிவிட்டது. அவர் கேட்பார், கேட்பார் என்று நான் காத்திருந்தது அவருக்குத் தெரியாது.

அவர் கெட்ட மனிதர் இல்லை. கனவு காண்கிற மனிதர். பைக் ஓட்டும்போதே காண்பார். வளைவு வந்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் நான்தான் முதுகில் தட்ட வேண்டும்.

பெரிய கனவு வந்தது ஊரடங்கில். 2020, ஏப்ரல் மாதம். எல்லாக் கடையும் பூட்டிக் கிடந்தது, ஆனால் மாட்டுக்கு அரசாங்க உத்தரவு புரியுமா? அது பாட்டுக்குக் கத்தியது. இவருக்கு மட்டும் பாஸ் கொடுத்து ரோட்டில் விட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் அவிநாசி ரோட்டில் வரும்போது முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. நடுக்கோட்டில் ஒரு மயில் தோகையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறது. ஹாரன் அடித்தால் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர் இஞ்சினை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வெகு தூரத்தில் நீலகிரி மலை ஒரு தூசி இல்லாமல் தெரிந்ததாம். காற்று புளியமரத்தில் நுழைந்து வெளியே வரும் சத்தம் தனியாகக் கேட்டதாம். எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

சாயங்காலம் வந்து குளித்துவிட்டு மொட்டை மாடியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "செவ்வந்தி, நாம எல்லாரும் போயிட்டா நல்லா இருக்கும் கண்ணு" என்றார்.

"எங்கீங்க?"

"மனுசங்களைச் சொல்றேன். சாகறதைச் சொல்லல. இருக்கறவங்க இருக்கட்டும், நல்லாத் தின்னு, நல்லாத் தூங்கி, வயசாகி, மெதுவாப் போவட்டும். புதுசா ஆரும் வர வேண்டாம். அவ்வளவுதான். நூறு வருசம் ஆகும். ஒரு அவசரமும் இல்ல."

காய்ச்சல் என்று நினைத்துக் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அந்தக் கனவு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. சொல்லச் சொல்ல நானும் கேட்டுக்கொண்டிருப்பேன், பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. முதலில் எல்கேஜி வேன்கள் வராமல் போகும். காலையில் ஹாரன் சத்தம் குறையும். அப்புறம் கல்யாண மண்டபங்களில் புறா குடியேறும். சோமனூர்த் தறிகள் ஒவ்வொன்றாக நிற்கும், தெருவில் நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். ஆள் குறையக் குறைய, இருக்கிறவர்களுக்கு மரியாதை கூடும். ஒரு மனிதரைப் பார்ப்பதற்காகவே இன்னொருவர் பத்து மைல் நடந்து வருவார். வந்து, கட்டிப்பிடித்து, நீங்கள் எந்த ஊரு, என்ன ஜாதி என்று கேட்காமல், சாப்டீங்களா என்று மட்டும் கேட்பார். கிணற்றில் தண்ணி மேலே வரும். மேம்பாலத்தில் ஆலமரம் முளைக்கும். மாடி வீட்டு லிப்ட்டுக்குள் மயில் முட்டையிடும். கடைசியில் ஒரு நாள் காலையில் சூரியன் வரும், அதைப் பார்த்து 'இன்னிக்கு வெயில் சாஸ்தி' என்று சொல்ல ஆள் இருக்காது. அப்போதும் வெயில் அடிக்கும்.

நான் சோமனூரில் ஒரு துணிக் குடோனில் வேலை செய்கிறேன். தறியிலிருந்து வரும் துணியை விரித்து, குறை பார்த்து, மடித்து அடுக்குகிற வேலை. மூன்று மணிக்கு மேல் பஞ்சுத் தூசி வெயிலில் மிதக்கும், கை பாட்டுக்கு மடிக்கும், கண் பாதி மூடும். அந்த நேரத்தில் அவருடைய காலி உலகம் எனக்குள்ளும் வந்துவிடும். அதே மயில், அதே ஆலமரம். என்னுடையதில் மட்டும் எங்கோ ஒரு கொடியில் சின்னத் துணி ஒன்று காய்ந்துகொண்டே இருக்கும். யாருடையது என்று தேடுவதற்குள் சூப்பர்வைசர் கூப்பிட்டுவிடுவார்.

அந்தப் பழைய கோபத்தில்தான் அவர் கனவில் ஓட்டை தேடினேன் என்று நினைக்கிறேன். "கடைசி ஆளைத் தூக்கிட்டுப் போறது ஆருங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

இரண்டு நாள் யோசித்தார். "கடைசில ரெண்டு பேரு இருக்கோணும். ஒருத்தரு மத்தவரைத் தூக்குவாரு."

"அப்பவும் ஒருத்தரு மிச்சமாகறாருங்களே."

"அவரு ஒரு மரத்து நெழல்ல படுத்துக்குவாரு."

"மழ வந்தா?"

எழுந்து கீழே போய்விட்டார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

ஆனால் அவர் விடவில்லை. தான் ஒருவன் நினைத்தால் போதாது, மனிதர்களின் காரியத்தை மனிதர்களிடம் கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தார். வேலைக்காகக் கொடுத்த பழைய பதிவேடு ஒன்று பாதி வெறுமையாகக் கிடந்தது. மாட்டுக்காரர் பெயர், ஊர், காளை எண், ஊசி போட்ட தேதி, சினை பார்த்த தேதி என்று அதில் கோடு போட்டிருக்கும். காளை எண்ணை அடித்துவிட்டுப் 'பதில்' என்று எழுதினார். முதல் பக்கத்தில் நல்ல கையெழுத்தில் கேள்வி: 'மனிதர்கள் எல்லாரும், யாரும் யாரையும் கட்டாயப்படுத்தாமல், அவரவராக விரும்பி, இனிக் குழந்தை வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டால், அது கெட்ட காரியமா?'

சினை பார்த்த தேதியை மட்டும் அவர் அடிக்கவில்லை. ஊசி போட்டவுடன் எந்த ஊசிக்காரரும் சினை பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டார். மூன்று மாதம் கழித்து வந்து, கையுறை மாட்டி, உள்ளே கைவிட்டுப் பார்த்துத்தான் சொல்வார். இவர் தன் கேள்விக்கும் அதையே வைத்துக்கொண்டார். இன்றைக்கு ஒருவர் சரி என்றால் அது சரி ஆகாது, மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை கேட்டு, அப்போதும் சரி என்றால்தான் அது விருப்பம். மாட்டுக்குச் சினை பார்க்கப் போகும்போது மாட்டுக்காரரிடம் பதில் பார்த்துவிட்டு வருவார்.

ஊர் முழுக்க இது ஒரு வேடிக்கையாகிவிட்டது. கட்டுத்தரையில் மாட்டை ஒருவர் பிடித்துக்கொள்ள, இவர் தோள்வரைக்கும் கையை விட்டுக்கொண்டே மனித குலத்தைப் பற்றிக் கேட்பார். மூன்று பெண்ணைப் பெற்ற ஒருத்தர், "இன்னிக்கே நிறுத்தலாமுங்க, கையெழுத்து எங்க போடறது?" என்றார். இன்னொருவர், "எங்க வீதிக்குத் தார் ரோடு போட்டுட்டு அப்புறம் நிறுத்தச் சொல்லுங்க" என்றார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பென்சன் கடைசி வரைக்கும் வருமா என்று விசாரித்துவிட்டு, கெட்ட காரியமில்லை என்று எழுதச் சொன்னார்.

லட்சுமணசாமி ஐயாவின் பதில்தான் இவருக்கு ரொம்பப் பிடித்தது. எழுபத்துநாலு வயது, நாயக்கர், முப்பது ஏக்கர் தென்னை. பேரன் ரித்விக் பெங்களூரில் இருக்கிறான், கல்யாணம் ஆகி ஆறு வருடம், குழந்தை வேண்டாம் நாய் போதும் என்று சொல்லிவிட்டான். "பொறக்காத ஆளுக்கு நஷ்டம்னு ஒண்ணு இருக்குங்களா ரவி? நஷ்டப்பட ஒரு ஆளு வேணுமே. ஆரும் அழுகாத ஊட்ல துக்கம்னு எப்பிடிச் சொல்றது?" என்றார். இவர் அதை வீட்டுக்கு வந்து மூன்று தடவை சொன்னார். ஐயாவின் மனைவி பங்காரம்மா தொட்டிக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டே, "அப்பறம் மாட்ட ஆரு கறப்பாங்க?" என்று கேட்டிருக்கிறார். இது இவரை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. நாமே கலப்பினமாக்கி, நாமே மடியைப் பெரிதாக்கி விட்ட மாடுகள். கறக்காவிட்டால் மடி கட்டிக்கொண்டு கத்தும். மனிதன் போய்விட்டால் அந்தக் கத்தல் யாருக்குக் கேட்கும்? கடைசியில் மாட்டை முதலில் நிறுத்த வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். அதற்குச் சுலபமான வழி அவர் ஊசி போடாமல் இருப்பது. அடுத்த நாள் காலையில் மாடு கத்துகிறது என்று நாரணாபுரத்திலிருந்து போன் வந்தது, சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

மூன்று மாதம் கழித்து லட்சுமணசாமி ஐயா பதிலை மாற்றிவிட்டார். பேத்தி அக்ஷிதாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. "அப்பச் சொன்னது அப்ப" என்றாராம். பங்காரம்மா மட்டும் அதே மாட்டுக் கேள்வியைக் கேட்டார். நோட்டில் நூற்று அறுபத்துமூன்று பேர், அதில் ஐம்பத்தெட்டுப் பேர் இரண்டாம் தடவை மாற்றிச் சொல்லிவிட்டார்கள். மழை பெய்தால் ஒரு பதில், பெண்ணுக்கு வரன் தட்டிப்போனால் ஒரு பதில். இவருக்கு வருத்தமே இல்லை. "மனுசன் மனசு எப்பிடி ஆடுது பாரு" என்று ரசித்துக்கொண்டிருந்தார்.

ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. என் மாமியார் காளியாத்தாள். எங்களோடுதான் இருக்கிறார், காது நன்றாகக் கேட்கும், வேண்டாததுக்கு மட்டும் கேட்காது. இவர் நோட்டை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்து கேள்வியைப் படித்தார். அத்தை வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே முழுதும் கேட்டார்.

"ஆரும் கட்டாயப்படுத்த மாட்டாங்கன்னு எழுதியிருக்குதா?"

"ஆமாங்கம்மா."

"உங்கய்யனையும் ஆரும் கட்டாயப்படுத்தலை சாமி."

கதை எனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு அத்தை சொன்னது போல் எப்போதும் சொன்னதில்லை. மாமனார் மாசாணம் ஒரு தோட்டத்தில் பண்ணையத்து ஆள். எழுபத்தாறில் ஊர் ஊராகக் குடும்பக் கட்டுப்பாடு முகாம் போட்டார்கள். பண்ணையாட்கள் குடியிருக்கும் எங்கள் வளவிலிருந்து இத்தனை ஆள் வர வேண்டும் என்று மேலேயிருந்து சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்து முதலாளி, பண்ணாடி என்போம், டிராக்டரை அனுப்பினார். வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவரை மண்வெட்டியோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது ஒரு பிள்ளை, வயது இரண்டு, இந்த ரவிக்குமார்தான். வரும்போது கையில், ஆபரேசனுக்குக் கொடுத்த ஒரு பிளாஸ்டிக் வாளி.

"சம்மதமான்னு கேட்டாங்களாம். பண்ணாடி பக்கத்துல நிக்கறாரு, இவரு என்ன சொல்லுவாரு? கைநாட்டு வெச்சுட்டாரு. விருப்பப்பட்டு வந்தான்னு எழுதிக்கிட்டாங்க. எனக்கு இன்னும் ரெண்டு வேணும்னு இருந்துது. என்னை ஆரு கேட்டா? உன்ற நோட்டுல எல்லாருந்தான் வருவாங்க, ஆனா கேட்டுட்டு வாரவங்க மொதல்ல வந்து நிக்கறது நம்ம வளவுலதான். பெரிய ஊட்டுக்கு அவங்க போறதுக்குள்ள நாம தீந்துபோயிருப்போம். இதையும் எழுதிக்க."

அவர் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போய் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை ஆரு கேட்டா என்று அத்தை சொன்னபோது நான் அடுப்படியில் நின்றிருந்தேன். அத்தை என்னைத்தான் பார்த்தார். 2005இல் மகனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவர் அவர் ஒருத்தர்தான்.

போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காஸ் சிலிண்டர் வந்த தேதியைக் குறித்துவைக்கப் பேப்பர் தேடும்போது அந்த நோட்டு கையில் கிடைத்தது. சும்மா புரட்டினேன். முதல் வரியில் அவர் பெயர், 'கெட்ட காரியம் இல்லை.' அடுத்து அத்தை பெயர், பதில் இடம் காலி. அப்புறம் வரிசையாக ஊர். அன்னூர் பஸ் கண்டக்டர் இருந்தார். நுங்கு விற்கிறவர் இருந்தார். எங்கள் வீட்டுக்குக் கரண்ட் மீட்டர் பார்க்க வந்த சென்னகிருஷ்ணன்கூட இருந்தார், அவரை இரண்டு தடவை கேட்டிருக்கிறார். நான் இல்லை.

மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்தேன். நிஜமாகவே இல்லை.

அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட்டேனா என்று எனக்கு நினைவில்லை, அவர் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்துதான் கேட்டேன்.

"ஊரு முச்சூடும் கேட்டீங்களே, என்னை ஏனுங்க கேக்கலை?"

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "உன்ற மனசுதான் எனக்குத் தெரியுமே கண்ணு."

"அப்பவும் தெரியும்னுதான் போனீங்களாக்கும்?"

எப்போது என்று அவர் கேட்கவில்லை. இருபது வருடம் என் வாயில் கிடந்தது அது, வெளியே வந்ததும் ரொம்பச் சின்னதாக இருந்தது. நான்தான் அழுவேன் என்று நினைத்தேன், அழவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். அவர் கழுவாத கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார், கையில் சோறு காய்ந்துபோகும் வரைக்கும்.

அதற்கப்புறம் வீட்டில் கனவு நின்றுவிட்டது. மொட்டை மாடிக்கு வருவார், உட்காருவார், மயிலைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். நோட்டை எங்கே வைத்தாரோ தெரியவில்லை. மாட்டுக்காரர்கள், "ஏனுங்க, இப்பெல்லாம் கேள்வி கேக்கறதில்லை?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு ஜெயித்த மாதிரியும் இல்லை. அந்தக் கனவுக்கு நானும் பழகியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆடி அமாவாசைக்கு மாமனாருக்குத் திதி கொடுக்கக் கொடுமுடிக்குப் போனோம். வருடா வருடம் போவதுதான். அத்தைக்கு முட்டி வலி, வரவில்லை. காவிரியில் தண்ணி செம்மண் நிறத்தில் இரண்டு கரையையும் தொட்டு ஓடியது. படித்துறை முழுக்க ஈரத் துணியும் எள்ளும் தர்ப்பையும். எங்களுக்கு உட்கார்ந்த ஐயர் மேலே மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். இவருக்கு இரண்டுதான் தெரியும், அதற்கு மேலே எங்கள் ஆட்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பரவாயில்லை என்று ஐயர் ஆற்றின் பெயரையே சொல்லச் சொன்னார். கீழே வாரிசு யார் என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை என்று இருந்தது எனக்கு.

முடித்துவிட்டு, கூட்டம் தள்ளிக் கடைசிப் படியில் உட்கார்ந்தோம். கால் தண்ணீருக்குள். வெயில் தண்ணீரில் விழுந்து எங்கள் மேல் ஆடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரை ரொம்பத் தூரத்தில், யாரும் இல்லாதது போல, பச்சையாகத் தெரிந்தது. அவர் சொன்ன நூறு வருடம் கழித்த ஊர் அதுதானோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன்னைக் கேக்கோணும் செவ்வந்தி" என்றார்.

"கேளுங்க."

"எல்லாரும் அவங்களா விரும்பி நிறுத்திக்கிட்டா, அது கெட்ட காரியமா?"

நோட்டு கொண்டுவரவில்லை. கேள்வி மனப்பாடமாக இருந்தது அவருக்கு.

"நீங்க சொல்ற ஊரு எனக்கும் புடிச்சுதுங்க" என்றேன். "மயிலு, ஆலமரம், எல்லாம். நானே எத்தனையோ நாளு அங்க போயிட்டு வந்திருக்கேன். எல்லாரும் நெசமா சரின்னு சொன்னா அதுல கெட்டது எனக்கு ஒண்ணும் தெரியலை. பூமி நம்மளைக் கேட்டு அழுகப் போறதில்ல. ஆனா எல்லாருமுன்னா எல்லாருமுங்க. மாமாவை அந்த முகாம்ல கேட்ட மாதிரி கேக்கறது கேள்வியே இல்ல. ஒருத்தியை உட்டுப்போட்டு மத்த எல்லாரையும் கேட்டாலும் அது கெட்ட காரியம்தான். உட்டுப்போன ஒருத்தி எப்பவும் இருப்பா. எங்கியாவது துணி மடிச்சுக்கிட்டு இருப்பா."

அவர் தண்ணீரையே பார்த்தார். "இன்னும் பொறக்காதவங்களை ஆரு கேக்கறது?" என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே.

"பொறந்தவளையே கேக்கலையே நீங்க."

சொன்ன பிறகு அதை நான் இவ்வளவு மெதுவாகச் சொன்னதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பக்கத்தில் யாரோ விட்ட வாழை இலை, மேலே அன்னமும் பூவும், எங்கள் காலைத் தொட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது.

பிறகு என் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். ஐம்பத்தொரு வயது, மீசையில் பாதி வெளுத்துவிட்டது. நெற்றியில் விபூதி நனைந்து வழிந்திருந்தது. குரலைச் சரி பண்ணிக்கொண்டார்.

"செவ்வந்தி. டாக்டரு ஒண்ணு சொன்னாரு, உன்கிட்டச் சொல்லலை. இன்னொண்ணு வந்தா உன்ற உசுருக்கு ஆகாதாம். எனக்கு ரொம்பப் பயமா இருக்குது கண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போய் நான் ஆபரேசன் பண்ணிக்கலாம்னு நெனைக்கறேன். நமக்கு இனிக் கொழந்தை வேண்டாம்னு நிறுத்திக்கலாமா? நீ என்ன சொல்றே?"

எனக்கு வயது நாற்பத்துநாலு. வரப்போகிற வருடங்களில் தானாகவே நிற்கப் போகிற உடம்பு. இருந்தாலும் அவர் கேட்டது இருபத்துநாலு வயதுப் பெண்ணிடம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டே மாதம் ஆனவளிடம். அவள் இன்னும் எனக்குள் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

உடனே சொல்லிவிடவில்லை. யோசித்தேன். அவர் காத்திருக்கட்டும் என்று நன்றாகவே யோசித்தேன். இரண்டு நாள் இருந்தவளின் முகத்தை நினைத்துப் பார்த்தேன், மூடிய கண்தான் ஞாபகம் வந்தது. வேண்டும் என்று சொல்லலாம். உயிர் போனாலும் பரவாயில்லை, இன்னொரு தடவை பார்க்கலாம் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் அவர் கேட்பார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கும் பயமாகத்தான் இருந்தது, அவளுக்கும் அவர் போதும் என்றுதான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் கண்ணைத் துடைக்க வரவில்லை, பதிலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சரிங்க" என்றேன். "நிறுத்திக்கலாம்."